இனெஸ் வாரனும் இரண்டு மகன்களும்

நியூ ஆர்லியன்ஸில் சார்ட்டர்ஸ் தெருவும் ஐபர்வில் தெருவும் சந்திக்கிற மூலையில், நடைபாதையிலேயே ஓர் உலோகத் தகட்டைப் பதித்திருந்தார்கள். நான் அதை மிதித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். "அம்மா, காலை எடு. கீழே பாரு" என்றான் மகன். குனிந்து பார்த்தால் வரிசையாகப் பெயர்கள். பதறி நகர்ந்து, தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டாலே அப்படிச் செய்து வளர்ந்தவள். இவை இறந்துபோன மனிதர்களின் பெயர்கள்.

நான் திருச்சிக்காரி. தபால் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரே மகன், ஹூஸ்டனில் இருக்கிறான். அவனும் அவனுடைய துணைவரும் என்னைக் காரில் நியூ ஆர்லியன்ஸுக்கு அழைத்துப் போனார்கள். ஆற்றங்கரை, பழைய இரும்புக் கிராதி வைத்த மாடிகள், தெருவோரப் பாட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மகன், "இன்னொரு இடம் இருக்கு, ஆனா சந்தோஷமான இடம் இல்லை. வரியா?" என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. சரி என்றேன்.

அந்தத் தகட்டில் 'வாரன்' என்ற குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறது. முதலில் அண்ணன் தம்பிகள் என்று நினைத்தேன். இரண்டு பேர் சகோதரர்கள்தான், ஜேம்ஸ், எடி. மூன்றாவது அவர்களைப் பெற்ற தாய், இனெஸ். தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற ஒரு பாருக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரண்டு மகன்களோடும் போய் உட்கார்ந்திருந்தவர். 1973-இல். மூவரும் அன்று அங்கேயே தீயில் இறந்தார்கள். அந்த அம்மாவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டடம் மூன்று மாடி. இரண்டாவது தளத்தில் இருந்தது 'அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச்'. 1970 கடைசியில் திறந்தார்கள். ஐபர்வில் தெருப் பக்கம் ஒரு கதவு, அதிலிருந்து மேலே போகிற மரப்படிக்கட்டு. உள்ளே ஒரு பியானோ, பின்னால் சின்ன நாடக மேடை. அந்த மேடையில் வேடிக்கை நாடகம் போட்டு, உடல் ஊனமுற்ற குழந்தைகளின் மருத்துவமனைக்குப் பணம் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் என்று ஒரு திருச்சபை. தன்பாலீர்ப்பாளர்களுக்காக 1968-இல் டிராய் பெரி என்ற போதகர் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. அதன் நியூ ஆர்லியன்ஸ் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத நாட்களில், இந்தப் பாரின் பின்னறையில்தான் ஆராதனை நடந்திருக்கிறது. பிறகு போதகர் வீட்டுக்கு மாறினாலும், ஞாயிறு ஆராதனை முடிந்தால் பலரும் இங்கேதான் வருவார்கள். மாலை 5 முதல் 7 வரை ஒரு டாலர் கொடுத்தால் வேண்டிய அளவு பீர். அது முடிகிற நேரத்தில் பியானோவைச் சுற்றி நின்று, ஒற்றுமையாக இருப்பதைப் பற்றிய ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவார்களாம், வாராவாரம்.

பார் என்றதும் எனக்கு மனதில் வந்தது வேறு காட்சி. நம் ஊர் டாஸ்மாக் வாசலைப் பார்த்துப் பழகிய கண் இது. மகன் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது, அது அவர்களுக்குத் திண்ணை மாதிரி. வெளியே வேலை போகும், வீடு போகும், போலீஸ் பிடிக்கும். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம். அதை நீக்கியதே 1973 டிசம்பரில்தான். உள்ளே மட்டும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

1973 ஜூன் 24, ஞாயிறு. நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற தன்பாலீர்ப்பாளர் பாரில், போலீஸ் சோதனையை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதன் நினைவாக நியூயார்க்கில் அன்று ஊர்வலம். நியூ ஆர்லியன்ஸில் அப்படித் தெருவில் இறங்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. பீர் நேரம் முடிந்த பிறகும் அறுபது பேருக்கு மேல் மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

7.56 மணிக்குக் கீழே அழைப்பு மணி ஓயாமல் அடித்தது. டாக்சிக்காரர் வந்தால் அப்படித்தான் அடிப்பார். போய்ப் பார்க்கச் சொன்னார் பாரைக் கவனித்துக்கொண்டிருந்த பட்டி ராஸ்முசன். ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். படிக்கட்டு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற எண்ணெயை யாரோ படியில் ஊற்றிப் பற்ற வைத்திருந்தார்கள். கதவு திறந்ததும் காற்றுக்குக் காத்திருந்த தீ ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டது.

ராஸ்முசனுக்குப் பின்பக்க வழி தெரியும். ஏறத்தாழ இருபது பேரை நாடக மேடை வழியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், பக்கத்துக் கட்டடம் வழியாக இறக்கிவிட்டார். அவருடைய துணைவர் உள்ளே மாட்டிக்கொண்டார், வரவில்லை. மற்றவர்கள் ஜன்னல்களுக்கு ஓடினார்கள். தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த பெரிய ஜன்னல்கள், யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கம்பி போட்டவை. கம்பிக்குக் கம்பி 14 அங்குலம். ஒல்லியானவர்கள் நுழைந்து தெருவில் குதித்தார்கள், சிலர் எரிந்துகொண்டே குதித்தார்கள். தீயணைப்பு நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான். வண்டிகள் கூட்டத்திலும் கார்களிலும் சிக்கிக்கொண்டன. இருபது நிமிடத்துக்குள் தீ அணைந்துவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

29 பேர் அன்றே போய்விட்டார்கள். மூன்று பேர் பிறகு மருத்துவமனையில். மொத்தம் 32. கதவைத் திறந்தவர் அந்த மூவரில் ஒருவர்.

சபையின் உதவிப் போதகர் ஜார்ஜ் மிச்செல் தப்பி வெளியே வந்துவிட்டவர். தன் துணைவர் லூயி ப்ரூஸார்ட் வெளியே இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உள்ளே போனார். இருவரையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்ட நிலையில்தான் பிறகு பார்த்தார்கள். இதை மகன் சொன்னபோது, எங்களோடு நின்றிருந்த அவனுடைய துணைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எந்த இடத்தைச் சொல்கிறான் என்று தெரிந்திருக்கிறது.

சபையின் போதகர் பில் லார்சன் ஜன்னல் கம்பிக்குள் நுழைய முயன்று பாதியில் மாட்டிக்கொண்டார். அப்படியே எரிந்துபோனார். தீ அணைந்த பிறகும் அவர் உடல் மணிக்கணக்கில் அந்த ஜன்னலிலேயே, தெருவைப் பார்த்தபடி இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். ஒரு துணி போட்டு மூட யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய தாய், மகன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அஸ்தியை வாங்க மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். தபால் நிலையத்தில் சில கடிதங்கள் திரும்பி வரும். 'பெறுநர் ஏற்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதியிருப்பார். முகவரி சரி, ஆள் இருக்கிறார், ஆனால் வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கடிதங்களைத் தனியாகக் கட்டும்போதெல்லாம் எனக்குக் கை கூசும், ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் ஒருவர் இருக்கிறாரே என்று. லார்சனின் தாயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் பயந்த அதே ஊருக்குத்தான் நானும் பயந்திருக்கிறேன்.

என் மகன் என்னிடம் சொன்னபோது அவனுக்கு 27 வயது. சமையலறையில், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம், தாங்க மாட்டார்" என்றேன். உறவில் யாராவது கேட்டால், "அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவந்தேன். நான்கு வருடம் சொன்னேன். அவன் அப்பா தெரியாமலே போய்விட்டார். தாங்கியிருப்பாரோ மாட்டாரோ, அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அப்பனுக்கும் மகனுக்கும் இல்லாமல் செய்தவள் நான். சாவுக்கு அவன் வந்தபோது துணைவரும் கூட வந்தார். கூட வேலை பார்ப்பவர் என்று சொன்னேன். கொள்ளி வைத்துவிட்டு என் மகன் திரும்பி நடந்து வந்தபோது அவனைத் தோளில் பிடித்துக்கொள்ள உரிமையுள்ள ஒரே ஆள், பந்தலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே நிற்கச் சொன்னதும் நான்தான்.

சரி, நியூ ஆர்லியன்ஸுக்கு வருகிறேன்.

அந்த வருடம் ஜனவரியில் அதே நகரத்தில் ஓர் ஓட்டலில் ஏறி நின்று ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றிருந்தான். அதற்கு முந்தைய நவம்பரில் ஓர் உயரமான கட்டடத்தில் தீப்பிடித்து 6 பேர் இறந்திருந்தார்கள். இரண்டுக்கும் நகரமே துக்கம் கொண்டாடியது. 32 பேர் இறந்த இதற்கு மேயர் மூன் லாண்ட்ரூவிடமிருந்து உடனே ஒரு வார்த்தை வரவில்லை. அவர் வெளிநாட்டில் இருந்தார். ஆளுநர் எட்வின் எட்வர்ட்ஸ் பேசவில்லை. கத்தோலிக்கப் பேராயர் பிலிப் ஹன்னன் பேசவில்லை. போலீஸ் துப்பறியும் பிரிவின் தலைவர், உடல்களோடு கிடைத்த அடையாள அட்டைகளை நம்ப முடியாது, அங்கே திருடர்கள் வந்துபோவார்கள், அது அந்த மாதிரி ஆட்களின் பார் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். இறந்தவர்களின் சாம்பலைப் பற்றி ரேடியோவில் ஒரு கேலி ஓடியது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்த ஓர் ஆசிரியருக்கு வேலை போனது.

தீ வைத்தது யார்? அன்று மாலை அங்கே சண்டை போட்டு வெளியே தள்ளப்பட்ட ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. அவரும் அந்த வட்டத்தில் புழங்கியவர்தான். அவர் மீது வழக்குத் தொடரவில்லை. 1974-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார், 1980-இல் யார் மீதும் குற்றம் சாட்டாமல் கோப்பை மூடிவிட்டார்கள். இதைப் பற்றி நிறையப் பேர் துருவித் துருவி எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனம் அதில் போகவில்லை. தீயை ஒருவர் வைத்திருக்கலாம். அதற்கு அடுத்த நாளிலிருந்து நடந்ததை ஊர் கூடிச் செய்தது.

இறந்தவர்களுக்காக ஜெபிக்க இடம் கொடு என்று கேட்டால் தேவாலயங்கள் கைவிரித்தன. செயின்ட் ஜார்ஜஸ் எபிஸ்கோப்பல் தேவாலயத்தின் போதகர் வில்லியம் ரிச்சர்ட்சன் மட்டும் மறுநாளே கதவைத் திறந்துவிட்டார். ஏறத்தாழ எண்பது பேர் வந்தார்கள். அதற்காக அவருடைய ஆயர் அவரைக் கண்டித்தார், வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்தக் கடிதங்களை யாரோ ஒரு தபால்காரர்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பார் என்று என் புத்தி அங்கேயும் போகிறது.

ஜூலை 1, அடுத்த ஞாயிறு. ரம்பார்ட் தெருவில் உள்ள செயின்ட் மார்க்ஸ் மெதடிஸ்ட் தேவாலயம் இடம் கொடுத்தது. டிராய் பெரி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்து முன்னின்று நடத்தினார். மெதடிஸ்ட் ஆயர் ஃபினிஸ் கிரட்ச்ஃபீல்டும் வந்து உட்கார்ந்தார். இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆராதனை முடிகிற நேரத்தில், வாசலில் கேமராக்கள் காத்திருப்பதாகச் செய்தி வந்தது. படம் வெளியானால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வேலை, வாடகை வீடு, பெற்ற பிள்ளைகள், எதுவும் போகலாம். பின்வாசல் இருக்கிறது, வேண்டுபவர்கள் அந்த வழியாகப் போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று பெரி சொன்னார்.

ஒருவர்கூடப் பின்வாசல் வழியாகப் போகவில்லை. எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் இறங்கினார்கள்.

மகன் இதைச் சொல்லும்போது நாங்கள் அந்தத் தேவாலயத்தை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தோம். வெயில், வியர்வை, திருச்சி மாதிரியே புழுக்கம். எனக்கு முழங்கால் வலி. துணைவர் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நிழல் இருக்கிற பக்கமாக என்னை நடத்திக் கூட்டிப்போனார்.

அப்புறம் நெடுங்காலம் மௌனம். பிழைத்தவர்கள் பேசவில்லை. பேசினால் தன்னைக் காட்டிக்கொடுத்ததாகும். 1977 ஜூனில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்துவந்த பாடகி அனிடா பிரையன்ட் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தபோது அவரை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் ஜாக்ஸன் சதுக்கத்தில் திரண்டார்கள். அந்த ஊர் தெருவில் இறங்க நான்கு வருடம் ஆனது. நான் மிதித்த தகட்டைப் பதித்ததோ 2003-இல், முப்பது வருடம் கழித்து. பேராயர் ஹன்னனின் இருக்கைக்குப் பின்னாளில் வந்த கிரெகரி ஏமண்ட், அன்று திருச்சபை ஆறுதல் சொல்லாததற்கு 2013-இல் வருத்தம் தெரிவித்தார். நகர சபை முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2022-இல். 2016-இல் ஆர்லாண்டோவின் பல்ஸ் என்ற இரவு விடுதியில் ஒருவன் 49 பேரைச் சுட்டுக் கொன்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, இதற்கு முன்னால் தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற இடத்தில் இத்தனை பேர் இறந்தது எங்கே என்று. அப்போதுதான் பலர் முதன்முறையாக அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் என்ற பெயரைக் கேட்டார்கள். என் மகனும்.

உறவு என்று யாரும் வராத நான்கு உடல்களை நகரத்தின் கிழக்கே ரெஸ்ட்ஹேவன் இடுகாட்டில் அநாதைகளுக்கான பகுதியில் புதைத்தார்கள். அவற்றில் ஒருவருக்குப் பெயர் தெரிந்திருந்தது: ஃபெரிஸ் லெப்லாங்க். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட படைவீரர். அவர் குடும்பத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் இருந்த அவருடைய சகோதரிக்கு 2015-இல்தான் தெரிந்தது. அதுவரை 42 வருடம், எங்கோ இருக்கிறான், எதற்கோ கோபித்துக்கொண்டு விலகிவிட்டான் என்று எண்ணியிருந்தவர்கள். தெரிந்ததும் எலும்பையாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தால், இடுகாட்டில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று சரியாகக் காட்ட யாராலும் முடியவில்லை.

லார்சனுக்குத் தாய் இருந்தார், வாங்கிக்கொள்ளவில்லை. லெப்லாங்குக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, யாரும் சொல்லவில்லை. இனெஸ் வாரனுக்கு யாரும் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அவரும் இருந்தார். அந்த அம்மாவைப் பற்றி இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. மகன்கள் எப்போது சொன்னார்கள், இவர் என்ன பதில் சொன்னார், முதல் தடவை அந்த மரப்படியில் ஏறும்போது தயங்கினாரா? அங்கே இருந்த மற்றப் பையன்கள் இவரை என்னவென்று கூப்பிட்டிருப்பார்கள்? வீட்டில் கதவு சாத்தப்பட்ட எத்தனை பிள்ளைகள், யாரோ பெற்ற ஓர் அம்மா தங்களோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள்?

செயின்ட் மார்க்ஸ் வாசலில் படிகளில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். எழுந்ததும், "மூணு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணும்" என்றேன். இவ்வளவு வருடத்தில் அப்படி ஒரு படம் எங்களிடம் இல்லை. வழியில் போன ஒரு பெண்மணி எடுத்துக் கொடுத்தார். நடுவில் நான், இரண்டு பக்கமும் இரண்டு பேர், பின்னால் தேவாலயத்தின் முன்வாசல்.

அன்றிரவு விடுதிக்கு வந்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். அங்கே விடிந்து காபி நேரம்.

"படம் நல்லா இருக்குடி. பக்கத்துல யாரு, அன்னைக்குச் சாவுக்கு வந்துச்சே, கூட வேலை பார்க்கிற பையன், அதுவா?"

"அவர்தான்க்கா. கூட வேலை பார்க்கிறவர் இல்லை. நான் அன்னைக்குச் சொன்னது பொய்" என்று தொடங்கினேன். மகன் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுக்கச் சொல்லி முடித்தேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.